சூசைராஜ் வீட்டில் இல்லை

வண்டி நின்றுவிட்டது. ஏறி உட்கார்ந்ததிலிருந்து எந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தேனோ, சரியாக அந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறது. ஜங்ஷன் இங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது, இறங்கி நடந்தால் போய்விடலாம், அறுபத்தொரு வயது முழங்கால் ஒத்துக்கொண்டால். பக்கத்து சீட் காலேஜ் பெண் ஒரு காதிலிருந்து மட்டும் வயரை எடுத்துவிட்டு, "ஏன் ஆன்ட்டி நிக்குது?" என்கிறாள். சிக்னல் போடலைம்மா என்கிறேன். எட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் காடு" என்று திரும்பவும் வயரைச் சொருகிக்கொள்கிறாள். அவளுக்கு அது வேலிக்காத்தான் காடு. எனக்கு அது லோகோ ஷெட். அந்த முள்ளுக்குள்தான் பதினெட்டு நீராவி இன்ஜின்கள் நின்றன, கரிமேடு இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது, இன்ஜின் வயிற்றிலிருந்து சாம்பலைத் தள்ளுகிற நீளக் குழி இருந்தது. இப்போது மிச்சம் ஒரு பெரிய வட்டப் பள்ளம் மட்டும். மழைத்தண்ணீர் தேங்கி ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, இரண்டு எருமைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சுகமாக ஊறுகின்றன. இன்ஜினை எதிர்ப்பக்கம் திருப்புகிற டர்ன்டேபிள் இருந்த பள்ளம் அது. அதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன், இந்தப் பெண் "நீங்க காத்தாட உக்காருங்க ஆன்ட்டி" என்று எழுந்து இடம் கொடுத்துவிட்டாள். மரியாதை சில சமயம் இப்படித்தான் கழுத்தை அறுக்கும். பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவான். எடுத்தால் ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ, ஆட்டோவில் ஐந்து நிமிஷம், தனம் வீடு. தனபாக்கியம். ரயில்வே காலனியில் எங்களுக்கு ஒட்டின வீடு, எனக்கு இரண்டாம் வகுப்பிலிருந்து சிநேகிதி. போன வாரம் போன் பண்ணினாள். "ஜெசி, எங்கம்மாவுக்கு உன்னைப் பாக்கணுமாம். ஒண்ணு கேக்கணுமாம். என்னன்னு கேட்டா எங்கிட்ட வாயே தெறக்க மாட்டேங்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்." அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தனத்தின் அம்மா ராஜாமணி அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. ஐம்பத்திரண்டு வருஷமாக என்னைக் கண்டால் ஜெசிக்கண்ணு ஜெசிக்கண்ணு என்று உருகுகிறவள். அவள் என்னிடம் கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன்னால்தானேடி என் புருஷன் செத்தான் என்று கேட்கப்போகிறாள். கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆமாம். ஒன்பது வயதில் நான் ஒரு பொய் சொன்னேன், அதனால் தனத்தின் அப்பா போனார். இவ்வளவுதான் விஷயம், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், ஆனால் இந்த ஒரு மூச்சை விடத் தெரியாமல் கிழவியாகிவிட்டேன். ஆகாயத்தாமரை அசைகிறது. எருமை தலையைத் திருப்புகிறது. கரி வாசனை வருகிற மாதிரி இருக்கிறது, வராது, இது கரன்ட்டில் ஓடுகிற வண்டி, எனக்குத்தான் மூக்குக்குள் அது குடியிருக்கிறது. நனைந்த சாம்பல், சுடுதண்ணீர், எண்ணெய்ப் பஞ்சு, எல்லாம் கலந்த வாசனை. அப்பா வேலை முடிந்து வந்தால் அந்த வாசனைதான் முதலில் உள்ளே வரும், ஆள் பிறகுதான். அப்பா சூசைராஜ், இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். தனத்தின் அப்பா கோதண்டம் மாமாவும் ஃபயர்மேன். காலனியில் பாதிப் பேர் ராத்திரி வண்டியில் போய் காலையில் வருகிறவர்கள், அதனால் பகலில் அப்பாக்கள் தூங்குகிற காலனி அது. சத்தம் கூடாது. நாங்கள் கபடி ஆடினால் பாட மாட்டோம், உதடு மட்டும் அசையும், மூச்சு விட்டாயா இல்லையா என்று சண்டை வந்தால் அந்தச் சண்டையும் கையாலேயே நடக்கும். கிட்டிப்புள்ளுக்குத் துணி சுற்றித்தான் அடிப்போம். ஷெட் புகை காலனிப் பக்கம் திரும்பினால் யாராவது ஒரு அம்மா இரண்டு தட்டுக் கைதட்டுவாள், அடுத்த நிமிஷம் எல்லாக் கொடியிலும் துணி காலியாகிவிடும், ஒரு வார்த்தை பேச்சிருக்காது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் எங்களை ஊமைக்கொட்டானுங்க என்பார்கள். வாயை மூடிக்கொண்டிருக்க அவ்வளவு சின்ன வயதிலேயே பழகிவிட்டேன், அதுதான் பிறகு ரொம்ப வசதியாகப் போய்விட்டது எனக்கு. சனியன் பிடித்த வசதி. அந்தக் காலனியில் பகலில் சத்தம் போட உரிமை இருந்த ஒரே ஆள் வேலாயுதம். டியூட்டிக்கு ஆள் கூப்பிட வருகிறவர். நாற்பத்தைந்து வயது, ஆனாலும் கால்பாய் என்றுதான் பெயர். சைக்கிள் மணியை இரண்டு முறை அடிப்பார், நோட்டை நீட்டுவார், அப்பா தூக்கக் கண்ணோடு கையெழுத்துப் போடுவார், இரண்டு மணி நேரத்தில் இன்ஜினில் இருக்க வேண்டும். எனக்கு அந்த மணியைக் கேட்டாலே ஆத்திரம் வரும். ஷெட்டுக்குக் கூட்டிப் போய் டர்ன்டேபிளில் ஏற்றிவிடுகிறேன் என்று அப்பா மூன்று ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தார், மூன்று ஞாயிற்றுக்கிழமையும் வேலாயுதம் வந்தார். தனம் ஏறிவிட்டாள். அவளுடைய அப்பா ஏற்றிவிட்டார். வகுப்பில் எனக்கு முன்னால் கையை அகல விரித்து, "அப்படியே பூமி சுத்தும்டி" என்று சொல்லிக் காட்டினாள். எனக்கு இன்றைக்கும் அந்தக் கை விரிப்பைப் பார்த்தால் வயிறு எரியும். பாவம், அவள் என்ன பண்ணுவாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை. ஆடி மாசம். அப்பா காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அம்மா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு மாதா கோயிலில் யாருக்கோ ஞானஸ்நானம் என்று போயிருந்தாள். ஒரு மணி இருக்கும். நான் வாசலில் உட்கார்ந்து நாவல் பழத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன், எதிர் மரத்தில் ஒன்றுகூட விழவில்லை அன்றைக்கு. தெருமுனையில் வேலாயுதம் திரும்பினார். மணி அடிப்பதற்குள் ஓடிப்போய் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டேன். "அப்பாவை எழுப்பு பாப்பா, ரெண்டு நாப்பது கூட்ஸ்" என்றார். "அப்பா இல்ல." "எங்க போனாரு?" "பெரியப்பா வீட்டுக்கு." "எப்ப வருவாரு?" "நாளைக்கு." எங்கிருந்து வந்தது அந்த நாளைக்கு? இத்தனை வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து எத்தனையோ புருஷன்மாரின் பொய்யைக் கேட்டிருக்கிறேன், தடுமாறுவார்கள், எச்சில் முழுங்குவார்கள், நான் தடுமாறவே இல்லை. வேலாயுதம் பெருமூச்சு விட்டார். அன்றைக்கு எழுப்பக் கூடாத ஆளைத்தான் எழுப்ப வந்திருந்தார், அப்பா வந்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை, ஆள் பற்றாக்குறை. எனக்கு என்னவோ அவருக்கும் சந்தோஷம்தான் என்று பட்டது. ஆள் இல்லையென்றால் வீட்டில் இருக்கிறவர் யாராவது நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். "போடத் தெரியுமா?" என்றார். நாலாவது படிக்கிறவளைப் பார்த்து என்ன கேள்வி. சூசைராஜ் வீட்டில் இல்லை என்று அவர் எழுதினார். காதில் சொருகியிருந்த காப்பியிங் பென்சிலை என்னிடம் கொடுத்தார், அதன் நுனியை நாக்கில் நனைத்தால்தான் ஊதாவாக எழுதும், நனைத்தேன், ஜெசிந்தா, மகள் என்று கோடு தாண்டாமல் முத்து முத்தாக எழுதினேன். டீச்சர் பார்த்தால் குட் போட்டிருப்பார். "சமத்து" என்றார் வேலாயுதம். அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார், பட்டியலில் அப்பாவுக்கு அடுத்த பேர் கோதண்டம் மாமா. மணி இரண்டு முறை அடித்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கோதண்டம் மாமா தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போனார். அதை நினைக்க வேண்டாம். அது வேண்டாம். சாயங்காலத்துக்குப் போய்விடுகிறேன்.

சாயங்காலம்தான் பாவி எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய தண்டனை. ஏனென்றால் என் ஜென்மத்தில் அந்த மாதிரி ஒரு சாயங்காலம் அதற்குப் பிறகு வரவில்லை. கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, பேரன் பிறந்தான், எல்லாம் சந்தோஷம்தான், ஆனால் அது வேறு. அப்பா நாலு மணிக்கு எழுந்து, "என்ன, இன்னிக்கு வேலாயுதத்தைக் காணோம்?" என்றார். "வரலப்பா." தலைக்குத் தண்ணீர் தெளித்துச் சீவிக்கொண்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஷெட்டுக்குள் நுழையும்போதே கால் சுட்டது, தரையெல்லாம் கரித்தூள். ஒரு இன்ஜின் ஸ் ஸ் என்று ஆவி விட்டுக்கொண்டு, வெயிலில் வந்து நிற்கிற மாடு மாதிரி நின்றது. அதை அப்படியே ஊர்ந்து வரவைத்து டர்ன்டேபிள் பாலத்தில் ஏற்றினார்கள். சரியான இடத்தில் நிற்க வேண்டுமாம், ஒரு சாண் முன்னே பின்னே நின்றாலும் நகராதாம், டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்தார். நின்றது. அப்பா என்னைத் தூக்கிப் பாலத்தின் ஓரத்தில் நிறுத்தினார். நாலு பேர், வெறும் நாலு பேர், கட்டையில் தோளைக் கொடுத்துத் தள்ள, அவ்வளவு பெரிய இன்ஜின் சத்தமே இல்லாமல் திரும்ப ஆரம்பித்தது. தனம் சொன்னது நிஜம். ஷெட் சுற்றியது, கரிமேடு சுற்றியது, தண்ணீர்த் தொட்டி, காலனி, எங்கள் வீட்டுக் கூரை, மாதா கோயில் சிலுவை எல்லாம் வரிசையாக என் முன்னால் வந்து போயின. நான் கத்தினேன். பகலில் காலனிக்குப் பக்கத்தில் முதல் தடவையாக வாய்விட்டுக் கத்தினேன், அப்பா "கத்து கத்து" என்று சிரித்தார். எவ்வளவு சிரித்தார். கீழே இறக்கிவிடும்போது முகத்தைப் பிடித்து, "நாக்கு என்னடி ஊதாவா இருக்கு?" என்றார். "நாவப்பழம்பா." ஒரு நாளைக்கு எத்தனை பொய். அப்போது மணி ஐந்தே கால் இருக்கும். பிறகு பெரியவளானதும் எல்லோரும் பேசியதை வைத்துச் சேர்த்துப் பார்த்திருக்கிறேன், அந்த நேரத்தில்தான் இருபத்தைந்து மைலுக்கு அப்பால் கூட்ஸ் இன்ஜினில் கொதிகலனுக்குள் குழாய் ஒன்று வெடித்திருக்கிறது. கரி போடக் கதவைத் திறந்த நேரம். ஆவியும் நெருப்பும் கதவு வழியாக நேரே வெளியே வந்திருக்கிறது. யார் மேலும் தப்பில்லை என்றார்கள், குழாய் என்றால் வெடிக்கும் என்றார்கள். கதவுக்கு முன்னால் நின்றது கோதண்டம் மாமா. நின்றிருக்க வேண்டியது அப்பா. நாங்கள் கைகோத்து வீட்டுக்கு வந்தபோது தனம் வீட்டு வாசலில் கூட்டம். மறுநாள் காலையில் மாமா ஆஸ்பத்திரியில் போய்விட்டார். முப்பது வயதில் விதவையானாள் ராஜாமணி அத்தை.

அப்பாவை ஷெட்டில் கூப்பிட்டு விசாரித்தார்கள், நீ எங்கே போயிருந்தாய் என்று. நோட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள். என் கையெழுத்தைப் பார்த்திருக்கிறார், முத்து முத்தாக. அந்த நாக்கும் அப்போது ஞாபகம் வந்திருக்கும், வராமல் இருக்குமா. அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன், மகள் எழுதியது சரிதான் என்று சொல்லிவிட்டார். இது எனக்கு அம்மா சாவதற்கு முன்னால் சொன்னது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் அழுது தொலைத்திருப்பேன். மறுநாள் கட்டிலை இழுத்து வந்து வாசற்படிக்குக் குறுக்கே போட்டார். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகிற வரைக்கும் வெயிலோ மழையோ அங்கேதான் தூக்கம். வேலாயுதம் வந்தால் அவரைத்தான் முதலில் எழுப்ப வேண்டும், வேறு யாரும் குறுக்கே வர முடியாது. நாங்கள் எல்லோரும் அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனோம். ஷெட்டுக்கு என்னைக் கூட்டிப் போகவே இல்லை, நானும் கேட்கவில்லை. தனம் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தது அப்பா, பந்தலில் கன்னிகாதானத்துக்கு அவள் பெரியப்பா உட்கார்ந்தபோது அப்பா பின்னால் போய் நின்றுகொண்டு அழுதார். ராஜாமணி அத்தை வந்து, "நீங்களாவது இருக்கீங்களேண்ணே" என்றாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அப்பா செத்த அன்றைக்குச் சொல்லியிருக்கலாம், இனிமேல் அவருக்குத் தலைகுனிவு இல்லை, சொல் ஜெசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அத்தை மாலையோடு வந்தாள், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், எப்படிச் சொல்வது? முப்பத்து மூன்று வருஷ நர்ஸ் வேலையில் தீக்காய வார்டில் ஒரு நாள்கூட நின்றதில்லை. டியூட்டி போட்டால் கையைக் காலைப் பிடித்து மாற்றிக்கொள்வேன். சிஸ்டருக்குப் பயம் என்று சிரிப்பார்கள். ஆமாம், பயம். இப்போதும் பயம். அத்தைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வேலாயுதம் எப்போதோ போய்ச் சேர்ந்தார். அந்த நோட்டை யாராவது எடுத்து வைத்திருப்பார்களா? பைத்தியம், எந்தக் காலத்திலேயோ கரையான் தின்றிருக்கும். அப்படியானால் எப்படித் தெரிந்தது? தெரியாவிட்டால் என்ன கேட்கப்போகிறாள்? நான் போகிறேன், காலில் விழுகிறேன், நானே சொல்லிவிடுகிறேன், கேட்பதற்கு முன்னால். இல்லை, முதலில் அவள் கேட்கட்டும். இல்லை, திரும்பிப் போய்விடலாம், முழங்கால் வலி என்று சொல்லிவிடலாம், யார் என்னைக் கேட்பது. போன் அடிக்கிறது. தனம்.

"எங்க இருக்க ஜெசி?"

"அவுட்டர்ல நிறுத்திட்டான். ஷெட்டுக்கிட்ட."

"அம்மாவுக்கு இருப்பே கொள்ளல. காலையிலேந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்குது. நீ வந்ததும் கேளேன்னா கேக்க மாட்டேங்குது. இந்தா, குடுக்கறேன். நான் அடுப்படிக்குப் போறேன், எனக்குத் தெரியக் கூடாதாம்."

மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் வருகிறது. அப்புறம் அத்தையின் குரல், போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு. "ஜெசிக்கண்ணு. அன்னிக்கு உங்க மாமா போறப்ப உங்க வாசல்ல நின்னு உங்கிட்ட என்னவோ பேசினாரே. ஜன்னல்ல பாத்தேன். முதுகுதான் தெரிஞ்சுது. என்னடி பேசினாரு?"

அத்தையே பேசுகிறாள். "சோத்துல கைய வச்சப்ப வேலாயுதம் வந்துட்டான். லீவுன்னு சொல்லுங்கன்னேன், கேக்கல. சண்டை பெருசாயிடுச்சு. தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சிட்டாரு. நான் போங்க, போய் ஒரேயடியா ஒழிங்கன்னு சொல்லிட்டேன். அதாண்டி கடைசி. ஆஸ்பத்திரில பேச்சு இல்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல, தனத்துக்கும் தெரியாது. உங்கிட்ட கேக்கணும்னா இதையும் சொல்லணுமேன்னுதான் இத்தன வருஷம் கேக்கல. இனிமே என்ன வெக்கம். கோவமாவா போனாரு? என்னைப் பத்தி ஏதும் சொன்னாரா?"

என்னைக் கேட்கவில்லை. அவள் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஐம்பத்திரண்டு வருஷமாக. கோபமில்லை அத்தை, சிரித்துக்கொண்டுதான் போனார் என்று ஒரு வரி சொன்னால் போதும். ஏன் சிரித்தார் என்று கேட்பாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஏதோ விளையாட்டு என்று சொல்லலாம். நம்ப மாட்டாள், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாள். நானே நம்ப மாட்டேன் இப்படி யாராவது சொன்னால். முழுசாகச் சொன்னால்தான் அந்தச் சிரிப்பு நிஜமாகும். முழுசாகச் சொல்லுகிறேன். எழுந்து நின்றுகொள்கிறேன், ஏனென்று தெரியவில்லை. அந்தப் பெண் இரண்டு காது வயரையும் எடுத்துவிட்டுப் பார்க்கிறாள், பார்க்கட்டும்.

"அத்தை, அப்பா அன்னிக்கு ஊருக்குப் போகல. உள்ளதான் தூங்கிட்டிருந்தாரு. டர்ன்டேபிள்ல ஏறணும்னு நான்தான் வேலாயுதத்துக்கிட்ட இல்லன்னு பொய் சொன்னேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன். அதான் மாமாவைக் கூப்பிட்டாங்க. மாமா எங்க வாசலுக்கு வந்து, உங்கப்பன் எங்கடின்னாரு. பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்காருன்னேன். அப்ப பாத்து உள்ளேந்து அப்பா குறட்டை. மாமாவுக்குச் சிரிப்பு தாங்கல. டப்பாவக் கீழ வச்சிட்டு இடுப்புல கைய வச்சுக்கிட்டு சிரிச்சாரு. உங்க பெரியப்பன் வீட்டுக் குறட்டை இங்க வரைக்கும் கேக்குதுடின்னாரு. டர்ன்டேபிளுக்குத்தானே, தூங்கட்டும், எழுப்பாத, சாயங்காலம் நீ போய்ச் சுத்திட்டு வான்னு என் தலையத் தட்டினாரு. உங்க வீட்டுப் பக்கம் திரும்பி, உங்க அத்தை வேற கோவமா இருக்கா, நாளைக்கு வந்து சமாதானம் பண்ணணும்னு சொல்லிட்டுப் போனாரு."

சொல்லிவிட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வைத்துவிட்டாளா என்று பார்க்கிறேன், வைக்கவில்லை, நொடி ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கேயோ குக்கர் விசில், தனத்தின் அடுப்படி. பொய்யைப் பற்றிக் கேட்கட்டும். கையெழுத்தைப் பற்றிக் கேட்கட்டும். திட்டட்டும், சபிக்கட்டும், எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன்.

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு அத்தை."

"சமாதானம் பண்ணணும்னாரா?"

"ஆமாத்தை. நாளைக்குன்னாரு."

அத்தைக்கு மூச்சு வாங்குகிறது. பிறகு, அந்தக் குரலை நான் அவளிடம் இதுவரை கேட்டதில்லை, "இதப் போய் இத்தன வருஷம் எனக்குக் குடுக்காம நீயேவாடி வச்சிருந்த?" என்கிறாள்.